பனி இல்லாத ஊரில் ஒரு கிறிஸ்துமஸ் காதல் படம்

கேள்வி இதுதான். புதுச்சேரியில் ஒரு கத்தோலிக்கப் பங்கின், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த விசுவாசிகளின், இளைஞர் குழு 45 நிமிடக் கிறிஸ்துமஸ் காதல் படம் எடுக்க நினைக்கிறது. விசுவாசம் கதையின் நடுவில் இருக்க வேண்டும், ஆனால் பிரசங்கமாகிவிடக் கூடாது. ஆங்கிலச் சேனல்களில் வரும் கிறிஸ்துமஸ் படங்களின் இதம் வேண்டும், நம் ஊராகவும் தெரிய வேண்டும். கையில் 2 லட்சம் ரூபாய், கேமரா பிடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். கதையை எப்படி அமைப்பது, எப்போது எடுப்பது, எங்கே தவறும்?

மாதிரியாக வைத்திருக்கும் படங்கள் எப்படி உருவாகின்றன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் ஹால்மார்க் சேனல் 2009 முதல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களை இந்த வகைப் படங்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. இரண்டு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போக, படம் ஏறக்குறைய 84 நிமிடம்தான். விளம்பர இடைவேளைகளுக்கு ஏற்பக் கதையை ஒன்பது துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் சின்னதாக ஒரு கேள்வியை நிறுத்திவைப்பார்கள். பெரும்பாலும் கனடாவில், பல சமயம் கோடையில், செயற்கைப் பனியைக் கொட்டி மூன்று வாரத்துக்குள் எடுத்து முடித்துவிடுவார்கள். ஹால்மார்க் சேனலை நடத்திய பில் அபாட் 2021-ல் கிரேட் அமெரிக்கன் ஃபேமிலி என்ற சேனலை உருவாக்கியபின், விசுவாசத்தை வெளிப்படையாகப் பேசும் கிறிஸ்துமஸ் காதல் படங்கள் தனி வகையாகவே வளர்ந்தன.

இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டே. டிசம்பர் 25 என்ற கெடு ஒன்று. ஊரே கூடி ஒரு வேலையைச் செய்து முடிப்பது இன்னொன்று. பெருநகரத்து வேலையை உதறிவிட்டுச் சிற்றூருக்குத் திரும்பும் பெண், மூடப்படப்போகும் பேக்கரி, பனியில் கைகோத்து நடப்பது எல்லாம் அந்த ஊரின் சமாச்சாரம். பஞ்சையும் தெர்மாகோல் தூளையும் தூவி ஈடுசெய்யப் பார்க்காதீர்கள். மார்கழி விடியலின் ஈரமும், கோலத்து நடுவில் வரைந்த நட்சத்திரமும், வாசலில் தொங்கும் ஸ்டாரும் போதும்.

விசுவாசம் கதைக்குள் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கதைச் சுருக்கத்தை இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். செபிக்கும் காட்சி, கோயில் காட்சி, விவிலிய வசனம் எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடி படியுங்கள். கதை அப்படியே நின்றால் நீங்கள் எழுதியிருப்பது சாதாரணக் காதல் கதை, கோயில் வெறும் பின்னணி. விசுவாசத்தினால் ஒரு கதாபாத்திரம் நஷ்டப்பட வேண்டும்: சொல்லக்கூடிய பொய்யைச் சொல்லாமல் விட வேண்டும், போடக்கூடிய கையெழுத்தைப் போடாமல் நிறுத்த வேண்டும், மன்னிக்க மனமில்லாதவரை மன்னிக்க வேண்டும். அந்த ஒரு முடிவு படத்தின் 30-ஆவது நிமிடத்தை ஒட்டி வரட்டும். அப்போது யாரும் பிரசங்கம் செய்யத் தேவைப்படாது. பிரசங்க வாடை வருவதற்குக் காரணம் வசனம் மட்டுமல்ல. செபித்த மறு காட்சியிலேயே பிரச்சினை தீர்ந்துவிடுவதுதான் பெரிய காரணம். செபத்துக்கும் பலனுக்கும் நடுவில் குறைந்தது ஒரு தோல்வியை வையுங்கள்.

தடை எது என்பதில்தான் நம் ஊர் ஆட்கள் எழுதும் படங்கள் பெரும்பாலும் சறுக்குகின்றன. ‘அவன் வெளிநாடு போகிறான்’, ‘அவள் அவனைத் தப்பாகப் புரிந்துகொண்டாள்’ போன்ற தடைகள் ஐந்து நிமிடம் மனம்விட்டுப் பேசினால் தீர்ந்துவிடும். கிறிஸ்தவக் குடும்பங்களில் காதல் திருமணத்துக்கு உண்மையில் குறுக்கே நிற்பவை இரண்டு: சபைப் பிரிவும் சாதியும்.

சாதியைத் தொடத் தயக்கமாக இருக்கலாம். ஆனால் புதுச்சேரியின் சம்பா கோவிலில் சாதி பார்த்துக் கட்டிய தடுப்புச் சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை 1745-லேயே தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இந்த ஊரின் விசுவாசிகளைப் பற்றிப் படம் எடுத்துவிட்டு அதைப் பேசாமல் இருப்பதுதான் படத்தைப் பொய்யாக்கும். முழு நீளத்துக்கும் பேச வேண்டியதில்லை. பெண்ணின் சித்தப்பா சாப்பாட்டு மேசையில் "அவங்க எந்தத் தெரு?" என்று கேட்டு, பதில் வந்ததும் தட்டைப் பார்த்துக் குனிந்தால் போதும், அரங்கத்துக்குப் புரிந்துவிடும்.

சபைப் பிரிவு 45 நிமிடத்துக்குச் சரியான அளவுத் தடை. கடலூர் பக்கத்திலேயே இருப்பது உங்களுக்கு வாய்ப்பு. ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையகம் கடலூரில்தான் இருக்கிறது. பெண் நெல்லித்தோப்பில் கத்தோலிக்கக் குடும்பம், பாடகர் குழுவில் இருக்கிறாள். பையன் கடலூரில் லுத்தரன் குடும்பம், அப்பா சபையில் போதிக்கும் உபதேசியார். கீபோர்டு வாசிப்பவர்கள் சபை எல்லை பார்க்காமல் எல்லாக் கோயிலுக்கும் போவார்கள், அதனால் அவன் அவள் பங்கில் வாசிக்க வருவது இயல்பாகவே இருக்கும்.

இருவரும் சந்திப்பதிலிருந்து படத்தைத் தொடங்காதீர்கள். நான்கு வாரத்தில் பார்த்து, பழகி, கல்யாணம் வரை போவது ஆங்கிலப் படத்தில் நடக்கும். இங்கே பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள். இரண்டு வருடமாகப் பழக்கம், இரு வீட்டுக்கும் அரைகுறையாகத் தெரியும், இப்போது பங்குத்தந்தையிடம் போய்ப் பேச வேண்டும் என்ற இடத்தில் முதல் காட்சியைத் திறங்கள்.

திருச்சபைச் சட்டம் கதைக்கு என்ன தருகிறது என்று பாருங்கள். கத்தோலிக்கர் ஒருவர் வேறு சபையில் திருமுழுக்குப் பெற்றவரை மணக்க ஆயரின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்கும்போது கத்தோலிக்கத் தரப்பு, தன் விசுவாசத்தை விடமாட்டேன் என்றும், பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கத் திருமுழுக்குக் கொடுத்து வளர்க்கத் தன்னால் இயன்றதெல்லாம் செய்வேன் என்றும் வாக்குறுதி தர வேண்டும். மற்றவர் கையெழுத்துப் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் இந்த வாக்குறுதி அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். திருமணத்தை லுத்தரன் ஆலயத்தில் வைத்துக்கொள்வதென்றால் அதற்குத் தனியாக விலக்கு (சட்டத்திலிருந்து விடுவிப்பு) வாங்க வேண்டும். இந்த வாக்குறுதிதான் உங்கள் படத்தின் இதயம். அவள் மனமாரச் சொன்னால் அவன் அப்பாவுக்கு வலிக்கும். ஒப்புக்குச் சொன்னால் அவள் கடவுளிடம் பொய் சொன்னதாகும். "சும்மா சொல்லிடும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அவள் அம்மாவே சொல்லட்டும். அப்படி ஒப்புக்குச் சொல்லமாட்டேன் என்கிறாள் அவள். விசுவாசம் விலை கேட்கும் அந்த 30-ஆவது நிமிடம் இதுவாக இருக்கலாம்.

வேறு மதத்தவரை மணப்பதற்கான சட்டம் இதைவிடக் கடினமானது. அதற்கு வெறும் அனுமதி போதாது, விலக்கே வேண்டும். அந்தக் கதையை எடுப்பதென்றால் இன்னொரு 45 நிமிடம் தேவைப்படும்.

இனி நாள்காட்டி. உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் திரைக்கதை அதுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த வாரங்களான திருவருகைக் காலத்தில் நான்கு ஞாயிறுகள், கோயிலில் வைக்கும் இலை வளையத்தில் ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்ற நான்கு மெழுகுவர்த்திகள். 2026-ஐ எடுத்துக்கொண்டால் நவம்பர் 29, டிசம்பர் 6, 13, 20. கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை, அடுத்த ஞாயிறு 27-ஆம் தேதி திருக்குடும்ப விழா. நம் பங்குகளில் திருவருகைக் காலத்தில் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே படத்தின் முடிவில் கல்யாணம் காட்ட முடியாது, காட்டவும் வேண்டாம். அதைவிட நல்ல முடிவு நம்மிடம் இருக்கிறது: ஓலை வாசிப்பது. மூன்று ஞாயிறு, திருப்பலி முடிவில், இன்னாரின் மகன் இன்னார், இன்னாரின் மகள் இன்னார் என்று ஊரறியப் பெயர் சொல்லி, தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று அறிவிப்பார்கள். 27-ஆம் தேதி முதல் ஓலை, ஜனவரி 3, 10-ல் அடுத்த இரண்டு, பொங்கல் கழித்துக் கல்யாணம் என்று கணக்கு ஒழுங்காக வருகிறது. அவளுடைய பெயரும் அவனுடைய பெயரும் ஒரே வாக்கியத்தில் ஒலிபெருக்கியில் கேட்கும் அந்த நொடி, எந்த முத்தக் காட்சியையும்விட நம் ஆட்களை உலுக்கும்.

ஆனால் ஆயரின் அனுமதி ஒரே நாளில் கைக்கு வந்துவிடுவதாகக் காட்டாதீர்கள். கோயில் நடைமுறை தெரிந்த கூட்டம் அந்த இடத்தில் படத்தை விட்டு வெளியே போய்விடும். இரண்டாம் ஞாயிறுக்குள் மனு போய்விட வேண்டும். திருமணத் தயாரிப்பு வகுப்பு, திருமுழுக்குச் சான்றிதழ் என்று இடையில் அலைச்சல் இருக்கட்டும். கடலூரிலிருந்து பழைய பதிவேட்டைத் தேடிப் பையனின் ஞானஸ்நானச் சான்றிதழை எடுப்பதே இரண்டு நல்ல காட்சிகள் தரும்.

25-க்கும் 27-க்கும் நடுவில் 26 இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை கடலூர் கரையில் தேவனாம்பட்டினத்தைக் கடுமையாகத் தாக்கியது. ஆண்டுதோறும் அன்று மக்கள் கடலில் பால் ஊற்றிப் பூத்தூவி அஞ்சலி செலுத்துகிறார்கள். கடலூரில் கரையோரக் குடும்பம் ஒன்றைக் கிறிஸ்துமஸ் நேரத்தில் காட்டிவிட்டு இந்த நாளைத் தாண்டிப் போக முடியாது. பையனின் வீட்டில் இழப்பு இருப்பதாக எழுதினால் அதை முதல் வாரத்திலேயே ஜாடையாகச் சொல்லிவிடுங்கள். சுவரில் ஒரு படம் போதும். கடைசியில் திடீரென்று கொண்டுவந்தால் கண்ணீருக்காகச் செய்ததாகத் தெரியும். 26 விடியலில் பெண் தானாகவே பஸ் ஏறி அங்கே வந்து நிற்பதுதான் அவன் அப்பாவின் மனம் திரும்பும் இடம். இதை நிஜ அஞ்சலி நாளில், நிஜமாக அழுகிறவர்களை வைத்து எடுக்காதீர்கள். வேறு நாளில், ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் கேட்டுக்கொண்டு, உங்கள் நடிகர்களை மட்டும் வைத்து எடுங்கள்.

கோயில் காட்சிகளில் தவறு எங்கெல்லாம் வரும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பார்க்கப் போகிறவர்கள் வாராவாரம் கோயிலில் இருப்பவர்கள்.

குடிலில் குழந்தை இயேசுவின் சுரூபத்தை 24 இரவுத் திருப்பலியில்தான் வைப்பார்கள். அதற்கு முந்தைய காட்சிகளில் தீவனத் தொட்டி வெறுமையாக இருக்க வேண்டும். அலங்காரம் முடிந்த குடிலை முதலில் படம் பிடித்துவிட்டு அதையே டிசம்பர் 10-ஆம் தேதிக் காட்சிக்கும் வைத்துவிடுவது எளிதில் நேரும் பிழை. மூன்று ஞானிகள் ஜனவரி தொடக்கத்தில் வரும் திருக்காட்சி விழாவுக்குத்தான் குடிலுக்குள் வருவார்கள். சில பங்குகளில் முன்பே வைப்பதுண்டு, உங்கள் பங்கு வழக்கத்தைப் பின்பற்றுங்கள். குடிலில் பச்சைப் புல்லுக்குக் கேழ்வரகோ கம்போ முளைக்கவிடுவார்கள். படப்பிடிப்புக்கு 7 முதல் 10 நாள் முன்னால் தட்டில் விதைத்தால்தான் விரல் உயரம் வரும். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தட்டு போட்டுக்கொண்டால் ஒன்று சாய்ந்துவிட்டாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

திருவருகைக் கால ஞாயிறுகளில் வானவர் கீதம் (குளோரியா) பாடுவதில்லை. அது கிறிஸ்துமஸ் இரவில் மணி முழங்கத் திரும்பி வருகிறது. படத்தின் நடுவில் எங்கும் அதை ஒலிக்கவிடாமல் அந்த இரவுக்கென்று சேமித்துவையுங்கள். குருவின் உடை ஊதா, மூன்றாம் ஞாயிறு மட்டும் ரோஜா நிறம் உடுத்தலாம், கிறிஸ்துமஸுக்கு வெள்ளை. வளையத்தில் மூன்று ஊதா, ஒரு ரோஜா.

அந்த மெழுகுவர்த்திகளின் உயரத்தை யாரும் கவனிப்பதில்லை, கேமரா கவனித்துவிடும். நான்காம் வாரத்தில் முதல் மெழுகுவர்த்தி நன்றாகக் கரைந்திருக்க வேண்டும். 10 அங்குல மெழுகுவர்த்தி வாரத்துக்கு 2 அங்குலம் குறைவதாக வைத்துக்கொண்டால் நான்காம் ஞாயிறு காட்சியில் 4, 6, 8, 10 என்று நிற்கும். 8 அங்குலத்தில் நிற்பது ரோஜா. காட்சிகளை வரிசை மாற்றி எடுக்கத் தேவையானவை: ஊதா 10 அங்குலத்தில் மூன்று, 8, 6, 4 அங்குலத்தில் ஒவ்வொன்று, ரோஜா 10-லும் 8-லும் ஒவ்வொன்று. ஆக 8. மறு டேக்குக்கு இன்னொரு செட், மொத்தம் 16. அடிப்பக்கத்தை வெட்டிக் குறையுங்கள், மேல்பக்கம் கரைந்தது போலவே இருக்கட்டும்.

பேச்சு வழக்கும் முக்கியம். பெண் வீட்டில் திருப்பலி, பூசை, செபம், ஃபாதர் அல்லது சாமி. பையன் வீட்டில் ஆராதனை, ஜெபம், பாஸ்டர் அல்லது ஐயர். நடிகர்கள் கலந்து பேசிவிட்டால் இரண்டு குடும்பமும் ஒன்றாகிவிடும், தடையே கரைந்துபோகும். டப்பிங்கில் கடைசியாக ஒருமுறை இதற்காக மட்டுமே கேட்டுப் பாருங்கள்.

எப்போது எடுப்பது? டிசம்பர் தொடக்கத்தில் எடுத்து அதே கிறிஸ்துமஸுக்கு வெளியிடும் திட்டத்தை விட்டுவிடுங்கள். நவம்பரும் டிசம்பரும் இந்தக் கரையில் புயல் மாதங்கள். 2011-ல் தானே புயல் டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரை கடந்தது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதோடு டிசம்பரில் பாடகர் குழு கேரல் ரவுண்ட்ஸில் இருக்கும், பங்குத்தந்தைக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

சரியான வழி, டிசம்பர் 26-க்குப் பிறகு தொடங்கி ஜனவரி இரண்டாம் வாரத்துக்குள் கோயில், தெருக் காட்சிகளை முடித்து, அடுத்த திருவருகைக் காலத்தில் வெளியிடுவது. குடிலும் சீரியல் விளக்கும் அப்போதும் அப்படியே இருக்கும், மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், ஆட்கள் கிடைப்பார்கள். டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரப் பக்கம் போகாதீர்கள். புத்தாண்டுக் கூட்டத்தில் கேமராவை நிறுத்தவே இடம் இருக்காது. அந்த நான்கு நாளில் வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளை எடுங்கள். வீட்டுக் காட்சிகளில் மீதி இருப்பதை எந்த மாதத்திலும் முடித்துக்கொள்ளலாம். உங்கள் அனுபவத்துக்கு ஒரு நாளைக்கு 5 நிமிடத்துக்கு மேல் தரமாக எடுக்க முடியாது, ஆகவே 9 நாள் வைத்துக்கொள்ளுங்கள். 45 பக்கத் திரைக்கதையில் 28 காட்சிக்கு மேல் போகாதீர்கள், இடம் மாறுவதுதான் நேரத்தைத் தின்னும்.

இடங்கள். டூமா வீதி தூய தேவதைகள் அன்னை ஆலயமும் மஞ்சள் சுவர்களும் போகன்வில்லாவும் ஆயிரம் படத்தில் வந்துவிட்டன. இருதய ஆண்டவர் பசிலிக்காவின் வண்ணக் கண்ணாடிகள் காலை வெயிலில் மிக அழகு. ஒரு காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கதை நெல்லித்தோப்பிலோ அரியாங்குப்பத்திலோ வில்லியனூரிலோ வாழட்டும். அங்கேதான் ஸ்டார் கட்டிய வீடும் கோலம் போட்ட வீடும் ஒட்டி ஒட்டி நிற்கும். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகள் வராது, விடியல் காட்சிக்கு அது பெரிய வசதி. டிசம்பர் கடைசியில் சூரியன் 6.25-ஐ ஒட்டி எழும், 5.50-ஐ ஒட்டி மறையும். நம் கடல் கிழக்கில் இருக்கிறது. கடலில் சூரிய அஸ்தமனம் என்று திரைக்கதையில் எழுதிவிட்டு விடியலை எடுத்துப் பின்னோக்கி ஓட்டினால் அலைகள் காட்டிக்கொடுத்துவிடும். காதலைச் சொல்லும் காட்சியை விடியலுக்கே மாற்றி எழுதுங்கள். முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு. புதுச்சேரியில் வாங்கிய அனுமதி கடலூரில் செல்லாது, இரு பக்கமும் காவல் துறையிடமும் உள்ளாட்சியிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

கோயிலுக்குள் எடுப்பதற்குப் பங்குத்தந்தையின் வாய்மொழிச் சம்மதம் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். திரைக்கதையை அச்செடுத்துக் கொடுத்து, அவர் வழியாகப் பேராயர் இல்லத்துக்கும் தெரிவித்து எழுத்தில் வாங்குங்கள். படப்பிடிப்பு நேரத்தில் நற்கருணையை (பேழையில் இருக்கும் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை) வேறு இடத்துக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். அது மரியாதை, உங்கள் குழுவின் நடத்தையும் அதனால் மாறும். நடிகரைக் குருவாக்கி அப்பத்தையும் இரசத்தையும் உயர்த்தும் காட்சியை எடுக்கவே கூடாது. வருகைப் பவனி, மறையுரையின் இரண்டு வரி, முடிவில் அறிவிப்பு இவை போதும். ஓலை வாசிப்பது எப்படியும் அறிவிப்பில்தானே வருகிறது.

வெளிச்சத்தில் முதல் எதிரி சீரியல் செட். மலிவான எல்.இ.டி. விளக்குகள் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுக்கும், திரையில் அது கறுப்புப் பட்டையாக ஓடும். வினாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் பெரும்பாலும் போய்விடும். 24 ஃப்ரேம் வேண்டும் என்று அடம்பிடித்தாலும் ஷட்டர் 1/50-லேயே இருக்கட்டும். செல்போனில் எடுப்பதானால் ஷட்டரைப் பூட்டிவைக்கும் செயலி இல்லாமல் இரவுக் காட்சி எடுக்காதீர்கள். மெழுகுவர்த்தியின் நிறம் ஏறக்குறைய 1,900 கெல்வின். வெள்ளைச் சமநிலையை 3,200-ல் வைத்தால் முகம் தங்கமாகவும் அடையாளம் தெரியும்படியும் இருக்கும். லென்ஸ் எஃப் 2, ஐ.எஸ்.ஓ. 1,600-ல் தொடங்குங்கள். மெழுகுவர்த்தி மட்டும் போதாது, சட்டகத்துக்கு வெளியே அதே திசையில் மங்கலான மஞ்சள் எல்.இ.டி. ஒன்றை வெள்ளைத் துணி போர்த்தி வையுங்கள். தலைமுடிக்கும் ஷாலுக்கும் பக்கத்தில் தீ வேண்டாம், ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பணம் குறைவாக இருக்கும் படம் ஒலியில்தான் முதலில் தோற்கும். உயரமான கூரையுள்ள கோயிலில் குரல் எதிரொலித்துச் சொற்கள் குழம்பும். லேப்பல் மைக்கை நெஞ்சில், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மாட்டுங்கள். கேமராவுக்குப் பின்னால் ஜமுக்காளங்களைத் தொங்கவிடுங்கள். மின்விசிறிகளை நிறுத்துங்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிட வெறும் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டால் எடிட்டிங்கில் ஒட்டு தெரியாது. கடற்கரை வசனத்தை எப்படியும் டப்பிங் செய்யத்தான் வேண்டும். ஆனால் டேக் முடிந்த அதே உணர்ச்சியில், வண்டிக்குள் உட்கார வைத்து வசனத்தை ஒருமுறை பேசவைத்துப் பதிந்துவிடுங்கள். டப்பிங் அறையில் பின்னால் எடுப்பதைவிட அது பல மடங்கு உயிரோடு இருக்கும். பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்.

பாட்டுக்கு வேறு இடத்திலிருந்து பதிவை எடுத்துப் போடாதீர்கள். இந்தியச் சட்டப்படி பாடலாசிரியர் இறந்து 60 ஆண்டுவரை வரிகளுக்கு உரிமை உண்டு, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. 1864-ல் மறைந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் பொதுச் சொத்து. 1818-ல் ஆஸ்திரியாவில் முதலில் பாடப்பட்ட ‘சைலன்ட் நைட்’ மெட்டும் அப்படித்தான், ஆனால் அதன் தமிழ் வரிகளை யார் எப்போது எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும். உங்கள் பாடகர் குழுவையே பாடவைத்துப் பதிவு செய்யுங்கள். அவன் சபையின் கீர்த்தனையை அவள் குழு பாடுவதே ஒரு காட்சியாகவும் ஆகும்.

காதலைக் காட்டக் கைகளுக்கு வேலை கொடுங்கள். கலகலா என்ற கிறிஸ்துமஸ் பலகாரம் செய்யும் இரவு அதற்கென்றே அமைந்தது: பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து சின்னச் சின்ன மாவு உருண்டைகளை முள்கரண்டியிலோ புதுச் சீப்பிலோ அழுத்திச் சுருட்டுவார்கள், அவனுக்குச் சரியாக வராது, அவள் சொல்லிக்கொடுப்பாள். புதுச்சேரி வீடுகளுக்கே உரிய விவிகம் கேக்கையும் விடாதீர்கள். மைதா இல்லாமல் ரவையும் வெண்ணெயும் முட்டையும் ரம்மில் ஊறிய முந்திரி, திராட்சையும் சேர்த்துச் செய்வது. அந்த ரம் வாசனையைப் பார்த்து உபதேசியார் தயங்குவதும், பெண்ணின் பாட்டி "பழத்துக்கு ஊத்தினதுதாங்க ஐயா" என்று ஒரு துண்டை நீட்டுவதும், அவர் வாங்கிக்கொள்வதும் இரண்டு சபைக்கும் நடுவில் நிஜமாகவே நடக்கக்கூடியவை.

2 லட்சத்தை இப்படிப் பிரிப்பேன்: சாப்பாடும் போக்குவரத்தும் 60 ஆயிரம், கேமரா, லென்ஸ், விளக்கு வாடகை 50, ஒலிக்கு 25, கலைப்பொருளுக்கும் உடைக்கும் 25, எடிட்டிங், வண்ணம், டப்பிங் 25, தொடாமல் வைக்க 15. சாப்பாட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். சம்பளம் வாங்காமல் உழைக்கிறவர்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்காவிட்டால் நான்காம் நாளிலிருந்து வரமாட்டார்கள்.

14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் சம்மனசுகளாக (வானதூதர்களாக) நடிப்பதானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேலும் கூடாது. இரவுத் திருப்பலிக் காட்சியில் அவர்களைக் காட்டும் ஷாட்டுகளை முன்மாலையிலேயே முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினால் இரவு வந்துவிடும்.

யூடியூபில் போடத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை. அரங்கத்தில் பொதுமக்களுக்குத் திரையிடுவதென்றால் 1952-ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டப்படி சான்றிதழ் வேண்டும், அதற்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். வெளியீட்டுக்கு நல்ல நாள் கிறிஸ்துமஸ் அல்ல, திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு மாலை. 20-ஆம் தேதிக்கு மேல் எல்லா வீட்டிலும் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறிவிடும், உட்கார்ந்து 45 நிமிடம் பார்க்க யாருக்கும் கை ஓயாது. முதல் காட்சியைக் கடலூர் லுத்தரன் சபை இளைஞர்களையும் அழைத்து ஒன்றாகவே போடுங்கள். ஐயர் பேசும் வசனமும் உபதேசியார் வீட்டு வழக்கமும் சரியாக இருக்கிறதா என்று எடிட்டிங் பூட்டுவதற்கு முன்பே அவர்களில் இரண்டு பேருக்குப் போட்டுக் காட்டிவிடுவது அதைவிட நல்லது.